அஞ்சு மணிக் காலேஜ்

நாலு அஞ்சு பஸ் இன்றைக்கு என்று பார்த்து நாலு அஞ்சுக்கே வந்து தொலைத்தது. மற்ற நாளெல்லாம் பத்து நிமிஷம், கால் மணி நேரம் என்று வெயிலில் காயவிடுகிற சவம், இன்றைக்குப் பொண்ணு பார்க்க வந்த மாதிரி சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. முப்பிடாதி ஏறிவிட்டாள். ஏறியிருக்க வேண்டாம்தான். ரெண்டு வருஷமாக ஏறிப் பழகின கால், அவளைக் கேட்டுக்கொண்டா ஏறுகிறது? சண்முகக்கனி ஜன்னல் வழியாக எறிந்த டிபன் பை மூன்றாவது சீட்டில் விழுந்து ரெண்டு பேருக்கும் இடம் பிடித்துக் கிடந்தது. இவள் ஜன்னலோரம் போனாள், சண்முகக்கனி உட்கார்ந்த மறு நிமிஷமே இவள் தோளில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தாள். பி.காம். படிக்கிற பிள்ளை, பக்கத்துத் தெரு, காலையில் வரும்போது ஒரு தூக்கம், சாயங்காலம் போகும்போது ஒரு தூக்கம், நடுவில் கொஞ்சம் காமர்ஸ். கொடுத்து வைத்தவள். முப்பிடாதிக்குத் தூக்கமா வரும்? மடியில் இருந்த போனில் மணி நாலு ஏழு. அஞ்சு மணிக்குள் நாடக மன்றத்து ஜெபசிங் சாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வராண்டாவில் நின்று அவர் சொன்னது சொன்னபடியே காதுக்குள் கிடக்கிறது. “நாளைக்கு ஒரு சாயங்காலமாவது நீ ஒத்திகைக்கு இருந்தாகணும்மா. சனிக்கிழமை போட்டி. அஞ்சு மணிக்குள்ள பேர் லிஸ்ட்டைத் திருநெல்வேலிக்கு அனுப்பணும். வீட்ல கேட்டுச் சொல்லு. இல்லன்னா ஷெரின் பேரைப் போட்டுருதேன். எனக்குக் கோவமெல்லாம் இல்ல, என்ன?” கோபம் இல்லையாம். கோபப்பட்டிருந்தால்கூட நல்லாயிருந்திருக்கும். கோபப்படாதவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது, என்ன சொல்லி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்குக் கிடைத்தது என்ன வேஷம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பஸ் கண்டக்டர். நாடக மன்றத்தில் இந்த வருஷம் சார் எழுதின நாடகம் முழுக்க ஒரு பஸ்ஸுக்குள் நடக்கிறது. பன்னிரண்டு நாற்காலி, ஒரு டிரைவர், ஒன்பது பயணிகள், ஒரு பொம்பளைக் கண்டக்டர். நடிக்கிற அத்தனை பேரும் ஹாஸ்டல் பிள்ளைகள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும்போது பஸ்ஸைக் கண்ணால் பார்க்கிறவர்கள். தினமும் ரெண்டரை மணி நேரம் பஸ்ஸிலேயே குடித்தனம் நடத்துகிறவள் முப்பிடாதி ஒருத்திதான், அவளால்தான் ஒத்திகைக்கு இருக்க முடியாது, பஸ் போய்விடும். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல! ஒரு நாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “ஏறு ஏறு, படில நிக்காத, உள்ள போ, நடுவுல தாராளமா எடம் கெடக்கு, பேக்கைக் கழட்டிக் கைல வச்சுக்கோ தாயி, நீ ஒரு டிக்கெட், உன் பேக்கு ரெண்டு டிக்கெட்” என்று இவள் கண்டக்டர் அண்ணன் மாதிரிப் பேசிக் காட்டியதை அந்தப் பக்கம் போன ஜெபசிங் சார் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, “நீதாம்மா கண்டக்டர்” என்றார். அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். அம்மா உட்பட யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கரைந்துவிடும் என்பதுபோல உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் இருக்க முடியாதவளுக்கு வேஷம் எப்படிக் கொடுப்பது? அதற்கும் அந்தக் காலேஜில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பஸ்காரி யாருக்காவது வேஷம் கிடைத்தால் ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தி சாயங்காலம் அவள் இடத்தில் நிற்பாள், எங்கே நடக்கணும், எங்கே திரும்பணும் என்பதை மறுநாள் மத்தியானம் பஸ்காரிக்குச் சொல்லித்தருவாள். டம்மி என்று பெயர். முப்பிடாதிக்கு டம்மி ஷெரின். மார்த்தாண்டத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை, அதுதான் கஷ்டம். மூன்று வாரம், தினமும் மத்தியானம் ஒன்றேகாலுக்கு, லேப் வராண்டாவில் எதிரே நின்று ஷெரின் செய்து காட்டுவாள். “இஞ்ச பாரு பிள்ளே, ஒரு கையி கம்பியில, மத்த கையில விசிலு, பெறவு இப்பிடித் திரும்பணும், செரியா?” எதிரே நின்று ஷெரின் எந்தப் பக்கம் திரும்புகிறாளோ இவளும் அந்தப் பக்கமே திரும்புவாள். கண்ணாடி பார்க்கிற மாதிரி. அப்படியே மூன்று வாரமும் படித்துக்கொண்டாள். இன்றைக்கு மத்தியானம் முதல் முறையாக எல்லோரோடும் சேர்ந்து செய்து பார்த்தார்கள். நாற்காலி எல்லாம் போட்டு, டிரைவர் உட்கார்ந்து, பயணிகள் உட்கார்ந்து, இவள் விசில் ஊதி, “எறங்கு எறங்கு” என்று கதவைத் திறந்தாள். திறந்தது டிரைவர் பக்கம். ஒன்பது பயணிகளும் இடப்பக்கம் எழுந்து நிற்கிறார்கள், கண்டக்டர் வலப்பக்கம் கதவைத் திறந்துவிட்டு, வா வா என்கிறாள். வராண்டாவே சிரித்தது. “எம்மா, நடு ரோட்ல இறக்கி விட்டுட்டியே! எதுத்தாப்ல லாரி வந்தா நாமல்லா பதில் சொல்லணும்” என்று சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே காது ரெண்டும் பொசுங்கியது. படி எந்தப் பக்கம் என்று அவளுக்கா தெரியாது? கண்ணைக் கட்டி விட்டாலும் சரியாக ஏறிவிடுவாளே. தினமும் ஏறுகிற படியை நம்பாமல் ஷெரின் கையை நம்பினாள். வேறு எதை நம்புவாள், அந்த அஞ்சு மணி ஒத்திகையில் அவளுக்கு இருந்த உடம்பு ஷெரினுடைய உடம்பு ஒன்றுதானே.

புளியங்காட்டு விலக்கில் பஸ் நின்றது. ஒரு அம்மா கத்தரிக்காய் மூட்டையோடு ஏறினாள், கண்டக்டர் மூட்டையைப் பார்த்தார், அந்த அம்மா கண்டக்டரைப் பார்த்தாள், ரெண்டு பேரும் ஒன்றும் பேசாமல் மூட்டையைப் படியோரமாக ஒதுக்கினார்கள். நாலு இருபது. இப்போது அங்கே நாற்காலி போட்டிருப்பார்கள். ஷெரின் விசிலைக் கழுத்தில் மாட்டியிருப்பாள். அதற்கப்புறம்? அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று முப்பிடாதிக்குத் தெரியாது. இதுதான் அவளை வருஷக்கணக்காக உள்ளே அரிக்கிற விஷயம். சிரிக்காதீர்கள், ரெண்டு வருஷம் அந்தக் காலேஜில் படிக்கிறாள், ஒரு நாள்கூட அஞ்சு மணிக்கு அந்தக் காலேஜ் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை. காலை ஒன்பதே முக்கால் வெயிலில் அதைத் தெரியும், மத்தியானம் அவியலாக அவியும்போது தெரியும், நாலு மணிக்கு மணி அடித்ததும் முதுகுக்குப் பின்னால் போகிற கட்டடமாகத் தெரியும். அஞ்சு மணிக்கு? ஹாஸ்டல் பிள்ளைகள் பேசிக்கொள்வதில் துண்டு துண்டாக விழும். அஞ்சு மணிக்கு மேட்டுப் பக்கம் காற்று வருமாம், காற்றாலை இருக்கிற திசையிலிருந்து, துணி எல்லாம் பறக்குமாம். கெமிஸ்ட்ரி மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தில் நடப்பார்களாம். வகுப்பில் அந்த மேடம் சிரித்தே யாரும் பார்த்ததில்லை, சாயங்காலம் ரிங் பால் ஆடுவார்களாம், தோற்றால் சண்டை போடுவார்களாம். காண்டீன் அண்ணன் மிச்சமிருக்கிற வடையைச் சும்மா கொடுப்பாராம். “அந்நேரம் எல்லாரும் வேற ஆளாயிருவாங்க பிள்ளே” என்று ஷெரின் ஒரு நாள் சொன்னாள், சும்மா சொன்னாள், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். முப்பிடாதிக்கு அந்தச் சோற்றில் அதற்கப்புறம் கை போகவில்லை. எல்லோரும் வேறு ஆளாகிற நேரம். அப்படி ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில் இவள் ஒரு வேறு ஆளாக இருந்திருக்கக்கூடும், அந்த ஆளை இவள் பார்க்கவே இல்லை.

காலேஜில் மன்றத்துக்கா பஞ்சம்? பன்னிரண்டு மன்றம். தமிழ் மன்றம், நுகர்வோர் மன்றம், பறவை பார்க்கிற மன்றம், ரத்ததான மன்றம், என்னென்னவோ. அறிவிப்புப் பலகையில் எல்லாவற்றுக்கும் கீழே ஒரே நேரம், மாலை நாலேகால். எழுதினவருக்கு பஸ் நேரம் தெரியாதா? நல்லாத் தெரியும், எழுதிவிட்டு அவரே இந்த பஸ்ஸில்தான் வருகிறார், முன் சீட்டில் வழுக்கைத் தலையோடு, அதோ. முதல் வருஷம் முப்பிடாதி ஆசை ஆசையாக மூன்று மன்றத்துக்குப் பெயர் கொடுத்தாள். பறவை மன்றத்து மேடம், “ஞாயித்துக்கெழமை இல்லம்மா, சாயங்காலந்தான் போவோம், அப்பத்தான் குளத்துல எறங்கும்” என்றார்கள். குளத்துக்கு வருகிற நாரையைக்கூட அவள் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. வருஷக் கடைசியில் காலேஜ் ஆண்டு மலர் வந்தது. மன்றம் மன்றமாகப் படம். நாடக மன்றத்துப் படத்துக்கு அடியில் நிற்பவர்கள் இன்னார், அமர்ந்திருப்பவர்கள் இன்னார் என்று போட்டு, கடைசி வரியில், படத்தில் இல்லாதவர்: மூ. முப்பிடாதி. அம்மாவிடம் காட்டினாள். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், மகள் பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள், “உன் பேர் போட்ருக்கே!” என்று அத்தனை சந்தோஷப்பட்டாள். பக்கத்து வீட்டுக்காரிக்கெல்லாம் காட்டினாள். அவர்கள் படத்தில் தேடினார்கள், “எங்கட்டி நிக்க?” என்று கேட்டார்கள், முப்பிடாதி பின்வரிசையில் பாதி முகம் மறைந்த ஒருத்தியைக் காட்டி இதுதான் நான் என்று சொல்லிவிட்டாள்.

நாலு முப்பத்தி ரெண்டு. சரி, கேட்டுவிடலாம். அம்மாவிடம்தானே கேட்கணும். வேறு யார் இருக்கிறார்கள், அப்பா புனலூரில் டீக்கடையில் நிற்கிறார், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவார், வந்தால் தூங்குவார், போவார். அக்காவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீடு என்றால் அம்மா, அவ்வளவுதான். வீட்ல விடமாட்டாவ. இந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? பறவை மேடத்திடம் சொன்னாள். ஜெபசிங் சாரிடம் மூன்று தடவை சொன்னாள். ஷெரினிடம் சொன்னாள், அவள் “ஐயோ பாவம்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வருகிற அத்தனை பிள்ளைகளும் இதைத்தான் சொல்லும், வருகைப் பதிவேட்டுக்கு உள்ளேன் ஐயா சொல்கிற மாதிரி, வீட்ல விடமாட்டாவ. சரி, எப்போது சொன்னாள் அம்மா? முப்பிடாதி யோசித்தாள். ஒரு நாள் சொல்லியிருக்கணுமே. அடுப்பு முன்னாலா? இல்லை, அடுப்பு முன்னால் சொன்னது வேறு, கொழுந்து மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் பாவாடை தாவணிதான் கட்டணும் என்று சொன்னது. குழாயடியிலா? குழாயடியில் சொன்னது மேலத்தெரு வள்ளி கதை. வள்ளி தென்காசிக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போய், கடைசி பஸ்ஸில் வந்து, அதை ஊர் பேசி, அவள் அப்பா சர்டிபிகேட்டை எல்லாம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அதைச் சொன்னது அம்மாவா, சண்முகக்கனி அம்மாவா? சண்முகக்கனி அம்மா. எங்கள் அம்மா குடத்தை அலசிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. உச்சுக்கொட்டினாள். யாருக்காக உச்சுக்கொட்டினாள்? வள்ளிக்காகவா, ஊருக்காகவா? அந்த ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டா இத்தனை நாள் ஓடிவந்தேன்? இல்லை, இல்லை, வேறு எங்கேயோ சொல்லியிருக்கிறாள். சொல்லாமலா நான் சொல்லுவேன்? முப்பிடாதி ஒவ்வொரு நாளாகத் திறந்து பார்த்தாள், பீரோவில் துணி தேடுகிற மாதிரி கலைத்துப் போட்டுப் பார்த்தாள், அந்த ஒரு நாள் மட்டும் அகப்படவில்லை.

போனை எடுத்தாள். அம்மா என்று இருந்ததை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு மணி அடித்தது. அம்மாவின் பட்டன் போன் மாடக்குழியில் இருக்கும், அம்மா மடியில் பீடி இலையும் தூளும் பரப்பின சொளவு இருக்கும், சொளவை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வரணும். ரெண்டாவது மணி. எடுத்தால் என்ன சொல்வாள்? பஸ் போடுகிற இரைச்சலில் கத்தித்தான் சொல்லணும், எம்மா, நான் நாடகத்துல நடிக்கேன், நாளைக்குச் சாயங்காலம் இருந்துட்டு வாரேன் என்று. பஸ் முழுக்கக் கேட்கும். வழுக்கைத் தலை திரும்பும். கத்தரிக்காய்க்காரி திரும்புவாள். சண்முகக்கனி முழித்துக்கொண்டு, என்னட்டி, நாடகமா என்பாள், அவள் அம்மா காதுக்கு ஆறு மணிக்குள் போய்விடும். மூன்றாவது மணி. அம்மா மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அது பயம் இல்லை, அது பழகினது. சரி என்று சொல்லிவிட்டால்? சரி என்று சொல்லிவிட்டால் நாளைக்கு நாலேகாலுக்கு அங்கே நிற்கணும். ஷெரின் இல்லாமல், டம்மி இல்லாமல், வீட்டுச் சாக்கு இல்லாமல், அவளே நிற்கணும். மறுபடி தப்பான பக்கம் திறந்தால்? கண்டக்டர் மாதிரிப் பேசுவது சோற்றுத் தட்டோடு மரத்தடியில் வரும், விளக்குக்கு முன்னால் வருமா? வராவிட்டால், வீட்ல விடமாட்டாவ என்று அப்புறம் யாரிடம் சொல்வாள்? காண்டீன் அண்ணன் வடை கொடுக்காமல் போனால், மேடம் இவளைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டால், காற்று வராமல் போனால்? அஞ்சு மணிக் காலேஜில் இவளுக்கென்று ஒரு இடமும் இல்லை என்று தெரிந்துவிட்டால்? நாலாவது மணி அடிக்குமுன் அவள் கட் பண்ணிவிட்டாள். போனைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

எதிரே இன்னொரு பஸ் வந்தது. இவர்கள் ஊரிலிருந்து காலேஜ் பக்கம் போகிற பஸ். தினமும் இந்த இடத்தில்தான் ரெண்டும் சந்திக்கும், கல்லுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோடு ஒடுக்கம், ஒன்று நின்று ஒன்று போகணும். டிரைவர்கள் ஜன்னலோடு ஜன்னலாக நிறுத்தி ரெண்டு வார்த்தை பேசுவார்கள். “அண்ணாச்சி, மகளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” “விட்டுட்டு, விட்டுட்டு, இட்லி கேக்கா.” எதிர் பஸ்ஸின் படி பத்தடி தூரத்தில் இருந்தது. இறங்கி அதில் ஏறினால் அஞ்சேகாலுக்குக் காலேஜ். இன்றைக்கே பார்த்துவிடலாம். ஏறட்டுமா? முப்பிடாதி சண்முகக்கனி தலையைத் தோளிலிருந்து அரை அங்குலம் தூக்கியும்விட்டாள். அவள், “ஊரு வந்துட்டா?” என்றாள் கண் திறக்காமல். “இல்ல, தூங்கு” என்றாள் இவள். கண்டக்டர் அண்ணன் விசிலை வாயில் வைத்தார். ஒரு நீளம் ஊதினால் நில், ரெண்டு சின்னதாக ஊதினால் போ. ரெண்டு ஊதினார். ஊதும்போது அவர் முன்பக்கம் பார்க்கவே இல்லை, படியைத்தான் பார்த்தார், கடைசியாக ஏறினவன் கால் உள்ளே வந்துவிட்டதா என்று. முப்பிடாதி இதை இத்தனை நாள் கவனித்ததில்லை. ஷெரின் டிரைவரைப் பார்த்து ஊதுவாள். தப்பு. படியைப் பார்த்து ஊதணும். இதை அவளிடம் சொல்லணும் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான், சொல்லணும் என்று நினைத்துவிட்டோமே, நான் செய்யணும் என்று நினைக்கவில்லையே என்று உறைத்தது. அப்படியானால் மனசு முன்னமே முடிவு பண்ணிவிட்டது, தன்னிடம் கேட்காமலேயே.

நாலு நாற்பத்தொன்பது. நாலு ஐம்பத்தி ரெண்டு. நாளைக்கு இருந்துவிட்டு அடுத்த ஆறேகால் பஸ்ஸில் ஏறினால் ஏழரைக்கு ஊர் வந்து சேரலாம், ஏழரை என்ன பெரிய நேரமா, கோயில் மணியே அப்போதுதான் அடிக்கும். கேட்டுப் பார்க்கலாம். வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்றால் அஞ்சு இருபதாகும், லிஸ்ட் போயிருக்கும். சாரிடம் அரை மணி நேரம் அவகாசம் கேட்கலாம். கேட்டால், இன்னும் கேக்கலையா என்பார். மூன்று தடவை விடமாட்டாவ என்றவள் இன்னும் கேட்கவே இல்லை என்று தெரிந்தால் சார் என்ன நினைப்பார்? அந்த ஒரு முகத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாலு ஐம்பத்தி நாலு. விரல் தானாக அடித்தது. சார், வீட்ல கேட்டுட்டேன். விடமாட்டேன்னு சொல்லிட்டாங்க. ஷெரினே பண்ணட்டும் சார். சாரி சார். அனுப்புகிற குறியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு பாலம் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள். செட்டியூர் முக்கில் டிரைவர் பிரேக் போட்டார், எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள், சண்முகக்கனி தலை நழுவியது. பிரேக்கில்தான் விரல் பட்டது என்று பிறகு அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பொய். பிரேக் போட்டது அப்புறம். அனுப்பினது முன்னாடி.

சார் பதில் உடனே வந்தது. பரவால்லம்மா, புரியுது, படிப்பைப் பாரு. அதற்கு அஞ்சு நிமிஷம் கழித்து ஷெரின் குரல் பதிவு. முப்பிடாதி போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். “பிள்ளே, சார் இப்பம் சொன்னாரு. எனக்கு ஒரு மாதிரி இருக்கு. ஒனக்க வேஷம் இது, எனக்குத் தெரியும். நான் எனக்க அம்மைக்கு விளிச்சுச் சொன்னேன், அம்மை மார்த்தாண்டத்துல இருந்து சனியாழ்ச்ச வருவாளாம், லீவு போட்டுட்டு. நீயும் வரணும் கேட்டியா, முன்னால இருக்கணும்.” குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. மைக்கில் வாய் வைத்து ஊதுகிற மாதிரி விடாமல் இரைந்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ “பந்தைப் போடு மேடம்” என்று கத்தினார்கள். முப்பிடாதி அதை மறுபடி கேட்டாள். ஷெரின் பேசுவதைக் கேட்கவில்லை, பின்னால் இருப்பதைக் கேட்டாள். மூன்றாம் தடவை போடும்போது மணி பார்த்தாள். அஞ்சு ரெண்டு. காற்று நிஜமாகவே வருகிறது.

வீட்டில், அவள் நினைத்த மாதிரியே, அம்மா சொளவை மடியில் வைத்து, வெட்டின இலையில் தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி பக்கத்தில் கிடந்தது. “போன் அடிச்சியே, எந்திரிச்சு வரதுக்குள்ள நின்னுட்டு. என்ன?” என்றாள் நிமிராமல். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் வாயில் வந்தது வேறு.

“எம்மா, நாளைக்கு ஆறேகால் பஸ்ஸுக்கு வரட்டா?”

“வா.”

முப்பிடாதி பையை இறக்காமல் நின்றாள். “வர ஏழரை ஆயிரும்.”

“ஆனா என்ன? போன்ல சார்ச்சு போட்டுட்டுப் போ. நான் முக்குக்கு வந்து நிக்கேன்.” அம்மா ஒரு பீடியின் வாயை நகத்தால் மடக்கினாள், நூல் சுற்றினாள், அடுத்த இலையை எடுத்தாள். “உங்கப்பாதான் போன மாசமே கேட்டாவ, என்ன இந்தப் பிள்ள பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஓடி ஓடி வந்துருது, காலேசுன்னா பிள்ளைங்க கொஞ்சம் நேரம் இருந்து பேசி வராதான்னு. அவளுக்கு அங்க பிடிக்கலயோ என்னமோன்னு சொன்னேன்.”

பை நழுவி முழங்கையில் தொங்கியது. கண்ணீர் வந்தது என்று சொன்னால் போதாது, மூக்கும் சேர்ந்து ஒழுகியது. சந்தோஷமில்லை. கோபம். யார் மேல் என்று வைப்பது? இலையும் தூளுமாக உட்கார்ந்திருக்கிறவள் மேலா? ரெண்டு வருஷம் போயிற்று, நானூறு சாயங்காலம் இருக்கும், ஒன்றுக்குக்கூட அம்மா கதவைச் சாத்தவில்லை. அத்தனையையும் முப்பிடாதி தானே சாத்திவிட்டு, வீட்டைக் கைகாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பிடிக்கலயோ என்னமோவாம்.

அம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள். சொளவைத் தள்ளி வைத்தாள். “என்னட்டி, சரின்னுதான சொன்னேன்? சரின்னு சொன்னதுக்கா அழுத?”

“ஆமா.”

“கோட்டிக்காரியா இருக்கியே. நாளைக்கு என்ன வேல அங்க? பரீட்சையா?”

முப்பிடாதி துப்பட்டா முனையால் மூக்கைத் துடைத்தாள். நாடகத்துல நடிக்கேன் என்று இனிச் சொல்ல முடியாது. ஷெரின் அம்மா லீவு போட்டாயிற்று.

“ஒரு வேலயும் இல்லம்மா.”

“பெறகு எதுக்கு?”

“சும்மா. அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும்.”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். புரிந்ததோ என்னவோ, தூள் ஒட்டின கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “இருந்துட்டு வா” என்றாள். “ராத்திரிக்கு ஆறிப்போன சோறாத்தான் இருக்கும், சொல்லிட்டேன்.”